சீமை வாத்துகளுக்கு நான் போட்ட எல்லை

கலெக்டர் கச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, சிரஸ்தார் நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்தவன் நான். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, கோயிலில் முதல் மாலை யாருக்கு என்ற தகராறு எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் துரையிடம் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு. அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த நடைமுறையால் எந்த இரண்டு பேராவது சமாதானமாகப் போனார்களா என்று கேட்டால், எனக்கு நினைவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. இனி எந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கக் கூடாது.

அந்த ஆசை அடுத்த ஆடி மாதம் வரை நீடித்தது. லண்டனில் புது ராஜா பட்டத்துக்கு வந்த காலம் அது. தச்சநல்லூரில் வாய்க்காலை ஒட்டி ஒரு வீடு கட்டிக் குடியிருந்தோம். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் மனைவியும், பின்கட்டில் ஒரு பசு, ஒரு நாய், கொஞ்சம் கோழிகள். என் மனைவி கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்தவள். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மாள் உடம்பு தளர்ந்து, சீமைக்கே திரும்பிப் போகிறாள் என்று செய்தி வந்தது. வழியனுப்பப் போன மனைவி சாயங்காலம் வில்வண்டியில் திரும்பினாள். கூடவே ஒரு பெரிய பிரப்பங்கூடையும் வந்தது. கூடைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கழுத்துகள் எழும்பி என்னைப் பார்த்துச் சீறின.

வயலில் கூட்டமாக மேய்க்கிற வாத்து இல்லை இது. சீமை வாத்து. நின்றால் என் இடுப்புக்கு வரும். ஒன்று ஆண், ஒன்று பெட்டை.

"மிசியம்மா கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க," என்றாள் மனைவி. "இவைகள் ஒருவருடைய அடுப்புக்கும் போகலாகாதுன்னு சொன்னாங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

மிசியம்மாள் வேதபுத்தகத்துத் தமிழில்தான் பேசுவாள். அடுப்பு என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று துரைமார் மேஜையில் சீமை வாத்து இல்லாவிட்டால் அது கிறிஸ்துமஸே இல்லை. அதற்காக அவர்களுடைய பட்லர்மார் ஆவணி மாதத்திலேயே ஊர் ஊராக மோப்பம் பிடித்து அலைவார்கள்.

வாக்குக் கொடுத்தது மனைவி. வீடு என் பெயரில் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே வழக்கு ஆரம்பித்தது. கொட்டிலுக்கு முன்னால் ஒரு கல்தொட்டி உண்டு, பசு தண்ணீர் குடிக்க. ஆண் வாத்து அதில் ஏறிக் குளித்தது. பெட்டையும் குளித்தது. இரண்டும் இறங்கித் தொட்டியைச் சுற்றி நடந்து, அது தங்கள் பரம்பரைச் சொத்து என்று தீர்மானித்தன. பசு குனிந்தபோது ஆண் வாத்து அதன் உதட்டைக் கவ்வியது. பசு துள்ளிப் பின்னால் போனது. நாய் என்னவென்று பார்க்க வந்தது. வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு ஓடியதைக் கண்டதும் நாய் திரும்பி ஓடியது. ஓடியதுதான் அது செய்த தப்பு. அன்று முதல் அந்த நாயைத் துரத்துவது வாத்துக்குக் காலைக் கடமை ஆயிற்று. திருடனைக் கண்டால் குரைக்கட்டும் என்று வளர்த்த நாய், முன்வாசலில் என் நாற்காலிக்கு அடியிலேயே குடியிருந்தது.

இதெல்லாம் போகட்டும், பால் நின்றது. அந்தப் பசுவுக்குக் கன்று செத்துப்போயிருந்தது. கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறக்கும்போது பசுவுக்கு முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் இறக்கும். நம் ஊரில் கன்று செத்த பசுவுக்கு எல்லோரும் செய்கிற ஏற்பாடுதான். கறக்க வருகிற கோனார், பேச்சு நிற்காத மனிதர், ஒரு காலையில் வெறும் செம்போடு முன்வாசலுக்கு வந்தார்.

"ஐயா, ஒங்க தாசில்தாரு கன்னுக்குட்டிய உரிச்சுப்புட்டாரு."

"எந்தத் தாசில்தார்?"

"அந்த ஆம்பள வாத்துதான். அவரு நடையப் பாத்தீயளா? கிஸ்தி வசூலுக்கு வாரவரு மாதிரியேல்லா வாராரு. தையலப் பிரிச்சு வைக்கோல உருவிப் போட்டுட்டாரு. கன்னு வயிறு தொங்குது. மாடு அதப் பாத்து மிரளுது. நான் மடியில கைய வச்சா அவரு எனக்குப் பின்னால வந்து, எங்கன கவ்வுதாருன்னு சொல்ல வெக்கமா இருக்கு."

"அதற்கு நான் என்ன செய்ய?"

"ஒண்ணு மாடு இருக்கணும், இல்ல தாசில்தாரு இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இல்லன்னா கண்ணேறு கழிக்க மொளகா சுத்திப் போடுதேன். நீங்க கிறிஸ்து வேதக்காரங்க, வேண்டாம்பீங்க."

வேண்டாம் என்றேன். மிளகாய் வாத்துக்குப் பிடிக்காமல் போனால் அதற்கும் சேர்த்து என்னைக் கடிக்கும் என்று பயம். காப்பி இல்லாத காலைகள் தொடங்கின. மனைவி அந்தத் தோல்கன்றைத் திரும்பத் தைத்தாள். தையல் டீச்சர் அல்லவா, தையல் பிரமாதமாக இருந்தது. வாத்து அதைவிடப் பிரமாதமாகப் பிரித்தது.

இந்த நிலையில் எங்கள் சபைக் குருவானவர் வீடு சந்திக்க வந்தார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம். இவர் பள்ளிக்கூடத்தில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தவர். அந்த உரிமையில், கேட்டைத் திறந்து நேரே பின்கட்டுப் பக்கம் வந்தார். வாத்து அவருடைய வெள்ளை அங்கியைப் பிடித்து இழுத்தது. அவர் வேலியோரம் வரை போய் மீண்டு வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"இதை எதுக்கு வே வச்சிருக்கீரு? அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக் குடுத்திரும். ஏலத்துல நல்லாப் போவும்."

கார் அறுவடை முடிந்து மழையும் கொஞ்சம் ஓய்ந்தபிறகு எங்கள் சபையில் அந்தப் பண்டிகை வரும். அவரவர் நெல், வாழைத்தார், தேங்காய், கோழி என்று ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஆலய வளாகத்திலேயே ஏலம் போகும். துரைமாருடைய பட்லர்மார் ஏலத்துக்குத் தவறாமல் வருவார்கள் என்பதும், வந்து எதைத் தேடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மனைவி கதவோரம் நின்றாள். நான் அன்றும் காப்பி குடிக்காதவன். "சரி ஐயரே," என்றேன். "பண்டிகைக்குள் இந்த வாத்துகள் மற்ற ஜீவன்களோடு ஒத்துப்போகவேண்டும். போகாவிட்டால் காணிக்கைதான்."

பேச்சுவாக்கில் சொன்னது. கச்சேரியில் இந்த மாதிரி எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எல்லாம் காற்றில் போயிற்று. ஆனால் ஐயர் வீட்டுக்கு வந்தால் எழுந்துபோகுமுன் ஜெபம் பண்ணுவார். அன்றும் கண்ணை மூடினார். மனைவியின் சுகத்துக்காகவும் தூத்துக்குடி மகளுக்காகவும் ஜெபித்தவர், அடுத்து, "உமது அடியான் இப்பொழுது உம்முடைய சந்நிதியில் நேர்ந்துகொண்ட பொருத்தனையையும் ஏற்றுக்கொள்ளும்" என்று ஜெபித்துவிட்டார். அதோடு அது பொருத்தனை ஆயிற்று. எங்கள் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஆபத்து இது. வாயில் வந்ததை மேல்முறையீடு இல்லாத இடத்தில் பதிவு செய்துவிடுவார்கள்.

நான் ஆமென் சொன்னேன். மனைவி சொல்லவில்லை.

அவர் போனதும் அவள் கேட்டது ஒன்றுதான். "கடவுளுக்குன்னு சொன்னத நான் வேண்டாங்க முடியாது. மிசியம்மாகிட்ட சொன்னதயும் மாத்த முடியாது. நான் என்ன செய்யட்டும்?"

அவள் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். போடவில்லை. வேறு வழியின்றி வழக்கைக் கையில் எடுத்தேன்.

இரு தரப்புக்கும் தகராறு என்றால் முதலில் செய்யவேண்டியது எல்லையை அளந்து கல் நடுவது. எந்த ரெவினியூ உத்தியோகஸ்தனைக் கேட்டாலும் இதையே சொல்வான். பின்கட்டை நானே நின்று அளந்தேன். கோனாரைக் கொண்டு நடுவில் மூங்கில் தட்டி கட்டினேன். கொட்டிலும் கல்தொட்டியும் பசுவின் பங்கு. முருங்கை மரமும் அதன் நிழலும் வாத்துகளின் பங்கு. குளிக்க ஒரு மண்தாழி வைத்தேன். நாய்க்கு முன்வாசல். கோழிகளுக்கு இரண்டு பக்கமும் போகவர உரிமை. அதைவிட நியாயமான தீர்ப்பு அந்த ஜில்லாவில் எழுதப்பட்டிருக்காது.

அதுவரை வாத்துக்குத் தன் இடம் எது என்று திட்டமாகத் தெரியாது. தோன்றிய இடத்தில் தோன்றிய நேரத்தில் சண்டை போட்டது, மற்ற நேரம் புல் மேய்ந்தது. நான் எல்லை போட்டுக் கொடுத்ததும் அதற்குப் பட்டா கிடைத்த மாதிரி ஆயிற்று. விடிந்தது முதல் அடைகிற வரைக்கும் தட்டியோரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தது. மூங்கில் இடுக்கில் கழுத்தை விட்டுப் பசுவின் காதைப் பிடித்தது. மண்தாழியைக் கவிழ்த்தது. அந்தப் பக்கம் இருந்த கல்தொட்டியைப் பார்த்து நாள் முழுக்கக் கத்தியது. அந்தக் கத்தலில் பசு தீனி எடுக்கவில்லை. கறுப்புக் கோழி ஒன்று உரிமையை நம்பி உள்ளே போய், வால் இறகு இல்லாமல் வெளியே வந்தது.

"தட்டி நல்ல தட்டிதான் ஐயா," என்றார் கோனார். "முன்னெல்லாம் அவரு எப்பமாவதுதான் வருவாரு. இப்பம் ஆஜராவே இருக்காரு."

மனைவி அவளுக்குத் தெரிந்த வழிகளைப் பார்த்தாள். மிசியம்மாள், வாத்து சீறினால் ஓடாதே, நிமிர்ந்து நில் என்று சொல்லியிருந்தாளாம். அந்த உபதேசத்தை நாய்க்கு எப்படிச் சொல்வது? நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தட்டிக்கு இப்பால் நிற்பாள். மறு கையால் அப்பால் அகத்திக்கீரை போடுவாள். "ஓடாத, பைய நில்லு, ஒண்ணும் செய்யாது" என்று இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பாள். முழங்கால் வலிக்காரி அவள். ஒருநாள் நான் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். "நாக்காலி வேண்டாம், இந்தக் கயித்தக் கொஞ்சம் பிடிங்க," என்றாள். பிடித்தேன். வெயிலில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு வாத்துக்கு முன்னால் நின்றபோது, கச்சேரியில் என் கீழ் வேலை பார்த்த யாரும் அந்த வழியாக வரக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

புரட்டாசி போயிற்று. ஒரு துரையின் பட்லர் இரண்டு தடவை வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் போனார். இரண்டாம் தடவை, "நல்லாத் தீனி போடுங்க அண்ணாச்சி, நெஞ்சுப் பக்கம் இன்னும் ஏறணும்," என்று சொல்லிவிட்டே போனார். மனைவி அன்று சாப்பிடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆற்றில் செந்தண்ணீர் வந்தது. வாய்க்கால் கரை தளும்பி, பின்கட்டு முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தட்டி சாய்ந்து, பிறகு படுத்து, பிறகு மிதந்தது. தோல்கன்று ஊறி நாற, கோனார் அதை எடுத்துக் குழிக்குள் புதைத்தார். தட்டியை நிமிர்த்திக் கட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். இடுப்பு வலி, இருமல், மழை. நடைமுறை தெரிந்தவனுக்கு அதைச் செய்யாமல் இருக்க ஆயிரம் காரணமும் தெரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்று கம்பளியைப் போர்த்துக்கொண்டேன். நாளையும் அப்படியே சொன்னேன். உண்மையில் சலித்துப்போயிற்று. கடித்துக்கொண்டு சாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

யாரும் சாகவில்லை. பின்கட்டு முழுவதும் தண்ணீராக இருக்கும்போது ஒரு கல்தொட்டியை எதற்குக் காவல் காக்கவேண்டும் என்று வாத்துக்குத் தோன்றியதோ என்னவோ. எங்கே பார்த்தாலும் நீந்தியது, குளித்தது, சேற்றைக் கிளறியது. காய்ந்த இடம் என்று மிஞ்சியது கொட்டில் மேடை ஒன்றுதான். பசு அங்கே நின்றது. கோழிகள் அங்கேயே ஏறின. நாய் தயங்கித் தயங்கி அங்கே போய் ஓரத்தில் சுருண்டது. இருட்டும் நேரத்தில் வாத்துகளும் ஏறின. பெட்டை, பசுவின் தீனிக்கூட்டில் வைக்கோலைக் குழித்து உட்கார்ந்துகொண்டது. முட்டையிட இடம் பார்க்கிறது என்றாள் மனைவி.

பசு குனிந்து அதை மோந்து பார்த்தது. ஆண் வாத்து கழுத்தை நீட்டியது. பசு நக்கியது. கன்றை நக்குவது போல, பெட்டையின் முதுகை அடியிலிருந்து மேலே ஒரே இழுப்பாக நக்கியது. பெட்டையின் இறகெல்லாம் கலைந்து நின்றது. அது எழுந்திருக்கவில்லை. ஆண் வாத்து கொஞ்ச நேரம் யோசித்தபிறகு கழுத்தை மடக்கிக்கொண்டது.

மறுநாள் கோனார் செம்பு நிறைய நுரையோடு வந்தார். "ஐயா, மாடு பால் எறக்கிட்டு! கன்னு இல்லாம, தோலு இல்லாம! அந்தப் பொம்பள வாத்த நக்கிக்கிட்டே எறக்குது. தாசில்தாரு பக்கத்துல நின்னு பாக்காரு, ஒண்ணும் சொல்லல. எனக்கு மட்டும் ஒரு கவ்வு."

"ஏன் உமக்கு மட்டும்?"

"என்னக் கவ்வுத பழக்கம் மட்டும் அவருக்கு இன்னும் விடல போலுக்கு."

அந்தப் பாலில் போட்ட காப்பியை நான் முழுதாகக் குடித்து முடிக்கும்வரை மனைவி எதிரிலேயே நின்றாள். பிறகு, "ஒத்துப்போச்சுல்லா?" என்றாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஐயர் பொருத்தனையை நினைவுபடுத்த வந்தார். நான் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் கொட்டிலைக் காட்டினேன். பசு நக்குகிறது, கோழி வாத்தின் காலடியில் கிளறுகிறது, நாய் தூங்குகிறது. எல்லாம் சாட்சியாக நின்றன. அந்தச் சமயம் பார்த்து ஆண் வாத்து மேடையிலிருந்து இறங்கி வந்து ஐயரின் அங்கியைப் பிடித்து இழுத்துக் கிழித்தது.

"பாரும் வே! எங்க வே ஒத்துப்போச்சு? என்னைக் கடிக்குதே!"

"நான் மற்ற ஜீவன்கள் என்றுதான் சொன்னேன், ஐயரே. குருமாரைச் சேர்க்கவில்லை."

"நானும் ஜீவன்தானே! கச்சேரி வேலைய எங்கிட்ட காட்டாதீரும். ஜெபத்துல வச்சது இது."

எனக்கு மேலே வாதாடத் தெம்பில்லை. ஒரு ஆயுளுக்கு வேண்டிய அளவு வாதாடியாயிற்று. ஐயருக்கும் பட்லருக்கும் கொடுத்தனுப்பிவிட்டுத் தூங்கலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது மனைவி தீனிக்கூட்டுக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டை இட்ட முதல் முட்டை. என் உள்ளங்கை நிறையும்.

"ஐயா," என்றாள் ஐயரிடம். "முதற்பலன் ஆண்டவருக்கு. அதுக்குமேல ஆண்டவரு கேப்பாரா?"

ஐயர் முட்டையைப் பார்த்தார். கிழிந்த அங்கியைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். பிறகு, "கேக்க மாட்டாரு," என்றார். அதையும் ஜெபம் பண்ணி முடித்தார். இந்தத் தடவை மனைவியின் ஆமென் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் ஏலத்தில் வாழைத்தார்களுக்கும் சேவல்களுக்கும் பிறகு அந்த முட்டை வந்தது. வாத்து கிடைக்காத எரிச்சலில் இருந்த பட்லர் முட்டையையாவது கொண்டுபோய்த் துரைக்குக் காட்டுவோம் என்று கேட்க ஆரம்பித்தார். மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்று மட்டும் எழுதுகிறேன். வரி பாக்கிக்காக எத்தனையோ ஜப்தி ஏலங்களை நின்று நடத்தியவன், என் வீட்டு முட்டையை நானே எதிர்த்துக் கேட்கவேண்டியதாயிற்று. பட்லர் ஏற ஏற நானும் ஏறினேன். என்ன விலைக்கு எடுத்தேன் என்று யாரும் கேட்காதிருப்பதே நல்லது. ஐயர் மட்டும் சிரித்துக்கொண்டே, "ஆண்டவருக்கு நல்ல லாபம் வே," என்றார்.

சேற்றில் நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். முட்டை என் அங்கவஸ்திரத்தில் சுருட்டியபடி இருந்தது.

"அடுப்புக்குத்தானே?" என்றேன்.

மனைவி நின்றாள். "அடுப்புக்குப் போகலாகாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அந்தக் கறுப்புக் கோழி அடைக்குக் கூவிக்கிட்டுத் திரியுது, அதுக்கு அடியில வச்சிருவோம்."

"அந்தக் கோழிக்கு வால் இறகையே பிடுங்கியிருக்கிறது இந்தக் குடும்பம். அது ஒத்துக்கொள்ளுமா?"

"கோழிகிட்ட யாரு கேக்கப்போறா?" என்றாள்.

அது சரிதான். இந்த வீட்டில் அப்படி ஒரு நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. நான் முட்டையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வழுக்காத இடமாகப் பார்த்துக் காலை வைத்து நடந்தேன்.